ஆற்றின் பெயர் கொண்ட வண்டி

விஜய் சூப்பர் ஸ்கூட்டர் ஓட்டியவர்களின் இடது கைக்கு இன்னும் பழக்கம் விட்டிருக்காது. கிளட்சை அழுத்திப் பிடித்தபடி கைப்பிடியையே திருகி கியர் மாற்ற வேண்டும். அந்த வண்டி பிறந்த இடம் இத்தாலி.

மிலான் நகரின் கிழக்கே ஓடும் ஆறு லாம்ப்ரோ. அதையொட்டிய பேட்டை லாம்ப்ராத்தே. அங்கே தயாரான ஸ்கூட்டருக்கு லாம்ப்ரெட்டா என்று பெயர் வைத்தார் ஃபெர்டினாண்டோ இன்னொசென்டி. சாரம் கட்டும் இரும்புக் குழாய்களால் பெயர் பெற்றவர் அவர். இரண்டாம் உலகப் போரில் அவருடைய ஆலை குண்டுவீச்சில் சிதைந்தது. சனங்களுக்கோ வேலைக்குப் போய்வர மலிவான வண்டி தேவைப்பட்டது. 1947-ல் முதல் லாம்ப்ரெட்டா வெளிவந்தது. 125 சிசி எஞ்சின். அதை மூடத் தகடுகூடக் கிடையாது. குழாய்க்காரர் செய்த வண்டி என்பது பார்த்ததுமே புரியும்.

அதன்பின் வண்டி ஓயாமல் மாறியது. தகடு போர்த்திக்கொண்டது, வேகம் கூடியது, 1969-ல் பெர்த்தோனே நிறுவனத்தின் கைவண்ணத்தில் புது உருவம் பெற்றது. அதற்குள் காலம் மாறிவிட்டது. 1957-ல் வந்த ஃபியட் 500, ஸ்கூட்டரில் போன குடும்பங்களைக் காருக்குள் ஏற்றிவிட்டது. 1966-ல் இன்னொசென்டி இறந்தார். 1971-ல் மிலானில் ஸ்கூட்டர் உற்பத்தி நின்றது.

இன்னொசென்டி நிறுவனம் கார்களும் செய்துவந்தது. அந்தக் கார் பிரிவை பிரிட்டிஷ் லேலண்ட் வாங்கி, சில ஆண்டுகளிலேயே கைவிட்டது. 1976-ல் நலிந்த ஆலைகளை மீட்கும் அரசு நிறுவனமான ஜெப்பி, தொழிலதிபர் தெ தொமாசோவுடன் சேர்ந்து அதைத் தாங்கிப் பிடித்தது. இத்தாலிக்கு இது பழகிய வழி. 1933-ல் வங்கிகள் தள்ளாடியபோதே ஐ.ஆர்.ஐ. என்ற அமைப்பை உருவாக்கி, அவற்றிடமிருந்த ஆலைப் பங்குகளை அரசு ஏற்றுக்கொண்டிருந்தது.

ஸ்கூட்டர் பிரிவைத் தாங்கியது இந்திய அரசு. இயந்திரங்கள், அச்சுகள், பெயர் எல்லாம் விலைக்கு வந்தன. 1972-ல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா பிறந்தது. 1975-ல் விஜய் சூப்பர் ஓடத் தொடங்கியது. ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் சனங்கள் காத்திருந்த நாட்டில் அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். பிழை அதற்குப் பிறகு நேர்ந்தது. மிலானில் ஓயாமல் மாறிய வண்டி, லக்னோவில் ஏறக்குறைய வந்த உருவத்திலேயே நின்றுவிட்டது. 1997-ல் உற்பத்தி முடிந்தது.

அரசு ஒரு ஆலையை வாங்கினால், அதன் வரைபட மேசையையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் பழைய லாம்ப்ரெட்டாவைச் செப்பனிடுகிறவர்கள் இன்றும் இந்திய உதிரிபாகங்களைத் தேடி வாங்குகிறார்கள். நம் கைகளில் குறை இருந்ததில்லை.