யாரு கை?

2020 நவம்பர் 9. பைசர் தடுப்பூசி 90 சதவீதத்துக்கு மேல் பலன் தருகிறது என்று அமெரிக்காவிலிருந்து செய்தி வந்த நாள். மறுநாள் காலை பாளையங்கோட்டை டீக்கடையில் ஒரே பேப்பரைச் சுற்றி ஏழெட்டுத் தலை. 'இனிமே பயமில்ல' என்றார் ஒருவர். 'நமக்கு எப்ப வரும்?' என்றார் இன்னொருவர். நானும்தான் சந்தோஷப்பட்டேன். மார்ச்சிலிருந்து பொழைப்பில்லாமல் கிடந்த சனம். ஒரு நல்ல சேதிக்கு ஏங்கிப் போயிருந்தது.

ஒரு ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியாக இருக்கிற என் அத்தையிடம் இதைச் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்: "தொண்ணூறுன்னு எப்படி மருமவனே கண்டுபிடிச்சாவ? யாரு கையில குத்திப் பாத்தாவ?"

எம்.ஏ. படித்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை.

தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னேன். 43,000 பேருக்கு மேல் சோதனையில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு உப்புத்தண்ணி. யாருக்கு எதுவென்று குத்திக்கொண்டவருக்குத் தெரியாது. பிறகு காத்திருந்தார்கள். 94 பேருக்கு நோய் வந்தது. அதில் மிகப் பெரும்பாலோர் உப்புத்தண்ணிக்காரர்கள். 90 என்ற எண் பிறந்தது இப்படித்தான். எந்தச் சதவீதத்துக்கு அடியிலும் மனித உடம்புகள் இருக்கின்றன. பத்திரிகைத் தலைப்பில் எண் மட்டும் வரும், உடம்பு வராது.

இது இன்றைக்குத் தொடங்கிய கதை இல்லை. 1796 இல் எட்வர்ட் ஜென்னர் பசு அம்மைச் சீழை எடுத்தது சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கையிலிருந்து. குத்தியது ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுப் பையனுக்கு. அவன் தோட்டக்காரர் மகன். சில வாரம் கழித்து அசல் பெரியம்மைச் சீழையே அவன் உடம்பில் ஏற்றிப் பார்த்தார்கள். அவன் தாங்கினான். உலகம் பிழைத்தது.

1802 இல் அந்த அம்மைப்பால் பம்பாய்க்கு வந்தது. ஐஸ்பெட்டி இல்லாத காலம். ஒரு பிள்ளையின் கைக்கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த பிள்ளையின் கையில் குத்தவேண்டும். கைக்குக் கை நடந்தே மருந்து நாடு முழுக்கப் போனது. கொப்புளம் வளர்க்கப் பெரும்பாலும் தேடப்பட்டவை ஏழைகளின், தாழ்த்தப்பட்டவர்களின் பிள்ளைகள். அந்தச் சீழ் எங்கள் உடம்பில் ஏறினால் தீட்டு என்று மேல்சாதிகள் மறுத்தார்கள். அவர்கள் மறுப்பு 'வழக்கம்', 'ஆசாரம்' என்று மரியாதையாக எழுதப்பட்டது. பிற்பாடு கன்றுக்குட்டியிலிருந்து பால் எடுக்கும் முறை வந்து இந்தத் தீட்டுப் பிரச்சினை ஓய்ந்தது. கை கொடுத்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வரலாற்றில் பெயர்கூட இல்லை.

மறுபடி நம் காலத்துக்கு வருவோம். 2021 ஜனவரி 3 அன்று கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டுக்கும் அரசு அனுமதி தந்தது. கோவாக்சின் உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குகிறது என்பது முதல் கட்டங்களில் தெரிந்திருந்தது. நோயைத் தடுக்குமா என்று பார்க்கும் மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு மட்டும் வரவில்லை. அதனால் 'சோதனை முறையில்' என்று சொல்லி அனுமதித்தார்கள். போபாலில் விஷவாயுவால் பாதிக்கப்பட்ட குடியிருப்புகளின் ஏழைகள், 750 ரூபாய் தந்தார்கள், சோதனை என்றே எங்களுக்குத் தெரியாது என்று அதே ஜனவரியில் சொன்னார்கள். சோதனை நடத்தியவர்கள் அதை மறுத்தார்கள்.

ஜனவரி 16 அன்று நாட்டின் முதல் ஊசி. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் துப்புரவுத் தொழிலாளி மனீஷ் குமார் கை நீட்டினார். கோவாக்சின். நாடே கைதட்டியது. முன்களப் பணியாளருக்கு முன்னுரிமை என்றார்கள். நோயோடு புழங்குகிறவனுக்கு முதலில் தருவது நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் மலக்குழியில் இறங்கவும் நாம்தான் முதல், முடிவு வராத ஊசிக்கும் நாம்தான் முதல் என்றால், அது முன்னுரிமையா, முன்சோதனையா என்று கேட்க நமக்கு உரிமை உண்டா இல்லையா?

அத்தை கேட்டாள். எந்த ஊசி என்று கேட்டதற்கு, எது வருதோ அதுதான் என்றார்களாம். கையெழுத்துப் போடச் சொன்ன தாளில் என்ன இருக்கிறதென்று வாசித்துக் காட்ட ஆளில்லை. அவள் திரும்பி வந்துவிட்டாள். உடனே பேச்சுக் கிளம்பியது: 'இவங்களுக்கு மூடநம்பிக்கை, படிப்பறிவு இல்ல.' தீட்டென்று மறுத்தவனுக்கு ஆசாரம்; தகவல் கேட்டவளுக்கு மூடநம்பிக்கை!

இந்த ஊரில் அவநம்பிக்கைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அந்த ஆற்றைத் தாண்டித்தான் அத்தை தினமும் வேலைக்குப் போகிறாள். "ஆத்துல தள்ளுனதும் கவருமெண்டு, ஊசி கொண்டாரதும் கவருமெண்டு. கேக்காம எப்படில நீட்டுவேன்?" என்றாள்.

மார்ச் 1 அன்று பிரதமர் கோவாக்சின் போட்டுக்கொண்டார். மார்ச் 3 அன்று இடைக்கால முடிவு வந்தது: 81 சதவீதம். நான் வாசித்துக் காட்டினேன், இரண்டு ஊசியைப் பற்றியும். என்ன தெரியும், என்ன தெரியாது, காய்ச்சல் வந்தால் என்ன செய்ய. முழுக்கக் கேட்டுவிட்டு, "இத முன்னாடியே ஒருத்தர் சொல்லியிருந்தா போயிருப்பேம்லா" என்றாள். அந்த வாரமே போட்டுக்கொண்டாள். தெருவில் நாலு பெண்களையும் கூட்டிப் போனாள். மே மாதம் இரண்டாம் அலை அடித்தபோது இவர்கள்தான் வார்டுகளைக் கழுவினார்கள். ஊசி அவர்களைக் காத்தது என்றே நம்புகிறேன்.

ஆக, நம் மக்கள் மருந்துக்கு எதிரி இல்லை. அத்தையின் இடது கையில் சின்ன வயசில் அம்மை குத்திய தழும்பு இன்னும் இருக்கிறது. 1975 க்குப் பிறகு இந்த நாட்டில் பெரியம்மை இல்லாமல் போனதற்கு அந்தத் தழும்பும் ஒரு காரணம். அவள் கேட்டது விலக்கு அல்ல, விளக்கம்.

அடுத்த கொள்ளைநோய் வரும். தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்று அடுத்த நல்ல செய்தியும் வரும். சந்தோஷப்படுவோம், தோழர்களே. கைதட்டுவதற்கு முன்னால் அத்தையின் கேள்வியையும் கேட்டுவிடுவோம்: யாரு கை?