தென்சென்னைத் திருமண ஆல்பம்: தேர்வும் திருத்தமும் கைமாறிய வரலாறு

திருமண ஆல்பத்தில் எந்தப் படம் இடம்பெற வேண்டும், எது எதற்கு அடுத்து வர வேண்டும் என்று முடிவு செய்பவர் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறார். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி நீளும் புறநகரில் இன்று ஒரு கல்யாணம் முடிந்தால், அந்த முடிவு மணவீட்டாரின் கைப்பேசிக்கு வந்துசேர்கிறது. நூறாண்டுக்கு முன் அது பெரும்பாலும் ஸ்டூடியோக்காரர் கையில் இருந்தது. இந்த மாற்றத்துக்கு ரசனையைவிடப் பெரிய காரணம், ஒரு சுருள் பிலிமில் எத்தனை படம் அடங்கியது என்பதே.

சென்னையில் ஒளிப்படக்கலை 1850களில் வேரூன்றியது. 1850இல் கலைப்பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியால் 1856இல் சென்னை ஒளிப்படச் சங்கம் உருவானது. அதே ஆண்டு மாகாண அரசின் ஒளிப்படக்காரராகப் பொறுப்பேற்ற லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களையும் கோட்டைகளையும் பதிவு செய்தார். குடும்பப் படங்கள் வணிக ஸ்டூடியோக்களின் வேலையாயின. நிக்கலஸ், வீலே அண்ட் கிளைன், பின்னர் ஜி.கே. வேல் போன்ற நிறுவனங்கள் மவுண்ட் ரோட்டை அதன் மையமாக்கின. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியபின் பல்லாவரத்துக் குடும்பங்களுக்கும் அந்த ஸ்டூடியோக்கள் எட்டும் தூரத்துக்கு வந்தன.

அக்காலத்துக் கல்யாணப் படம் பெரும்பாலும் முகூர்த்தத்தின்போது எடுக்கப்படவில்லை. சடங்கு முடிந்த சில நாளில் மணமக்கள் ஸ்டூடியோவுக்குச் சென்றார்கள். வரைந்த திரைச்சீலைக்கு முன் ஒருவர் நாற்காலியில் அமர, மற்றவர் பக்கத்தில் நின்றார். அரைத்தகடு எனப்பட்ட 4¾ × 6½ அங்குலக் கண்ணாடித் தகட்டில் ஓரிரு படங்கள் பதிவாயின. தகட்டின்மேல் பென்சிலால் முகத்தைச் செப்பனிடுவதும், அச்சிட்ட படத்துக்கு நீர்வண்ணம் பூசுவதும் ஸ்டூடியோவுக்குள்ளேயே நடந்தன. ஆல்பம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கெட்டி அட்டையில் ஒட்டிய ஒற்றைப் படம் சட்டமிடப்பட்டுச் சுவரேறியது.

ஆனாலும் புரூஃப் (மாதிரிப் படி) காட்டும் வழக்கம் உருவப்பட ஸ்டூடியோ உலகில் அப்போதே இருந்தது. வெயிலில் வைத்தாலே உருவம் தெரியும் ஒருவகைத் தாளில் செம்பழுப்பு நிறப் படி எடுத்து, அதை நிலைப்படுத்தாமலேயே வாடிக்கையாளரிடம் கொடுப்பார்கள். வெளிச்சம் படப்பட அது கறுத்துப் போகும். பார்த்துத் தேர்ந்தெடுக்க உதவும், வைத்துக்கொள்ள உதவாது. இன்று புரூஃப் படங்களின் குறுக்கே ஸ்டூடியோ பெயரைப் பொறித்து அனுப்புவதும் இதே நோக்கத்தில்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 120 பிலிமும் அதற்கான இரட்டை லென்ஸ் கேமராக்களும் பரவியதால் ஒளிப்படக்காரர் மண்டபத்துக்கே வரத் தொடங்கினார். சதுர வடிவில் எடுத்தால் ஒரு சுருளில் 12 படம். பிலிம் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. அந்தத் தட்டுப்பாட்டை ஈடுகட்ட உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் தாளும் விற்றது. அப்போதும் பிலிம் செலவு பார்க்க வேண்டிய பொருளாகவே இருந்தது. முழுக் கல்யாணத்துக்கும் மூன்று சுருள் என்றால் 36 படம். ஒவ்வொன்றையும் எடுக்கும் முன்பே தேர்வு முடிந்துவிட்டது. மாப்பிள்ளை அழைப்பு, காசியாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல், கன்னிகாதானம், தாலி, அம்மி மிதித்தல் என்று சடங்குக்கு ஒன்றிரண்டு, பிறகு பெரியவர்களோடு குரூப் படம். இன்று வடிவமைப்பாளர்கள் ‘கதைபோல’ அடுக்குவதாகச் சொல்லும் வரிசை, புரோகிதரும் பிலிம் கணக்கும் சேர்ந்து அன்றே வகுத்ததுதான்.

அந்த ஆல்பங்களின் கட்டமைப்பைப் பிற்காலம் மிஞ்சவில்லை. கறுப்புத் தடித்தாள், படத்தின் நான்கு மூலைக்கும் சிறு பிடிமுக்கோணங்கள், பக்கங்களுக்கிடையே சிலந்திவலைக் கோலமிட்ட மெல்லிய எண்ணெய்த் தாள், முதுகில் பட்டுக்கயிறு. படத்தின்மேல் பசை படவில்லை. சரியாகக் கழுவப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம் அறுபதாண்டுக்குப் பின்னும் தெளிவாக இருக்க இதுவும் ஒரு காரணம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழகத்துப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி மின்மயமாக்கியபோது கிடைத்த செல்வமும் பெரும்பாலும் இந்தக் கறுப்பு வெள்ளைத் தலைமுறையைச் சேர்ந்தது.

வண்ணமும் 35 மி.மீ. பிலிமும் சேர்ந்து வந்தபோது தேர்வு பெருமளவில் குடும்பத்திடம் நகர்ந்தது. 1972இல் அறிமுகமான சி-41 முறை வண்ண நெகட்டிவைக் கழுவுவதை உலகெங்கும் ஒரே சீராக்கியது. ஜப்பானின் நோரிட்சு 1979இல் வெளியிட்ட மினிலேப் அந்த வேலையை ஒரு கடைக்குள் அடக்கியது. 1980களில் கலர் லேப்கள் தமிழக நகரங்களில் பெருகின. ஒரு சுருளில் 36 படம், எல்லாவற்றுக்கும் 4 × 6 அங்குல ‘மேக்சி’ படி. வீட்டுக்கூடத்தில் அவற்றைப் பரப்பி, எது பெரிதாக்கத் தகுந்தது என்று பின்பக்கத்தில் குறியிட்டுக் கொடுப்பது வழக்கமாயிற்று. இதய வடிவத்துக்குள் மணமகள், தாமரைமேல் மணமகன் என இருட்டறையில் நெகட்டிவ்களை இணைத்துச் செய்த ‘மிக்ஸிங்’ படங்களும் இக்காலத்தின் விருப்பங்கள். நெகட்டிவ் யாருக்கு என்ற தகராறும் கூடவே வந்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே என்கிறது. பிலிம் துண்டோ ஸ்டூடியோவின் அலமாரியில் இருந்தது.

2000களில் டிஜிட்டல் கேமரா எண்ணிக்கைத் தடையை முற்றாக நீக்கியது. ஒரே கல்யாணத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் சேர்ந்தன. ஒட்டும் ஆல்பத்தின் இடத்தை, பக்கம் முழுதும் அச்சாகிய ‘கரிஷ்மா’ ஆல்பம் பிடித்தது. விரித்தால் 12 × 36 அங்குலம் வரும் பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அமைத்தால் 10,800 × 3,600 புள்ளி, அதாவது ஏறக்குறைய 3.9 கோடி. ஃபோட்டோஷாப்பில் பூவும் மேகமும் நிறைந்த ஆயத்த வார்ப்புருக்கள் வட்டுகளில் விற்பனையாயின. பல ஆல்பங்கள் ஒன்றுபோல் ஆனதற்கு அவையே காரணம். ஏறத்தாழ 2010க்குப் பின் ‘கேண்டிட்’ பாணி பரவ, பக்கத்தில் வெற்று இடம் விடும் எளிய அமைப்பு வந்தது. இது உண்மையான முன்னேற்றம். முகங்கள் மறுபடி கண்ணுக்குத் தெரிந்தன.

திருத்தக் கட்டத்தின் கனமும் இப்போதுதான் கூடியது. வடிவமைத்த பக்கங்கள் பி.டி.எஃப். ஆகவோ சிறு படங்களாகவோ வாட்ஸ்அப்பில் போகின்றன. 2020இல் பொதுமுடக்கம் விருந்தினர் எண்ணிக்கையை 50க்குள் நிறுத்தியபோது நேரில் உட்கார்ந்து பார்க்கும் வழக்கமும் குறைந்தது. விடுபட்ட சித்தப்பா, கண்மூடிய பாட்டி, தவறாக அச்சான பெயர் ஆகியவற்றை வீட்டார் உடனே கண்டுபிடிப்பார்கள். அவர்கள் கவனத்துக்கு எளிதில் எட்டாதவை மூன்று. முதலாவது, பக்கத்தின் சமநிலைக்காகப் படத்தை இடவலம் திருப்புவது. அப்போது முந்தானை வலத்தோளுக்கு மாறும், வலக்கை இடக்கையாகும். தாலிக்கு முன்னும் பின்னும் மணமகள் அமரும் பக்கம் மாறும் குடும்பங்களில் சடங்கே பிழையாகத் தெரியும். இரண்டாவது, நடுமடிப்பில் விழும் முகம். கைப்பேசியில் மடிப்பு தெரியாது. மூன்றாவது, வண்ணம். பளிச்சிடும் திரையில் சரியாகத் தோன்றும் அரக்குப் பட்டும் மாநிறமும் தாளில் இருண்டு வரும். எனவே ஒரு பக்கத்தையாவது அதே தாளில் அச்சிட்டுக் காட்டுவதே நம்பத்தக்க புரூஃப்.

அச்சாகி வீடு சேர்ந்த ஆல்பத்தைக் காப்பது அடுத்த கவலை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைப் பகுதிகளான முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. இத்தகைய வெள்ளத்தில் நனைந்த படத்தாளின் ஜெலட்டின் ஊறி, காயும்போது அடுத்த படத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பிரித்தால் உருவம் உரிந்துவிடும். கிழியாத செயற்கைத் தாளில் அச்சான அண்மைக் கால ஆல்பங்கள் ஈரத்தை ஓரளவு தாங்குகின்றன. எல்லாவற்றிலும் நலிந்தவை 1970களின் நடுவிலிருந்து 1990களின் தொடக்கம் வரை வண்ணத்தில் அச்சாகி, பசைப்பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் உறையிட்ட ஆல்பங்களில் வைக்கப்பட்டவை. சாயம் செம்மை ஏறி மங்குகிறது. பசை மஞ்சளாகித் தாளில் ஊறுகிறது. நெகட்டிவும் காணாமல் போயிருந்தால் அந்தப் படமே கடைசிப் பிரதி. அத்தகைய ஆல்பம் வைத்திருக்கும் குடும்பங்கள் அவற்றை முதலில் ஸ்கேன் செய்து, படத்தில் இருப்பவர்களின் பெயரை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும்.