இராயபுரம்: தூண்களுக்கு வெள்ளையடித்தாயிற்று, வரலாற்றுக்கு?

தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் இராயபுரம். 1856 ஜூன் 28இல் ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா சாலை வரை வண்டி ஓடியது. அதற்கு முன்னர் பம்பாயிலும் தானாவிலும் எழுந்த முதல் நிலையங்கள் இன்று இல்லை. ஆகவே நாட்டில் எஞ்சி நிற்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் இதுதான் என்கிறார்கள். 1873இல் சென்ட்ரல் வந்தது. 1908இல் எழும்பூர் நிலையக் கட்டடம் வந்தது. இராயபுரம் புறநகர் வண்டி நின்றுபோகும் இடமாகச் சுருங்கியது. கவனிப்பாரின்றிச் சிதைந்த கட்டடத்தை 2005இல்தான் புதுப்பித்துத் திறந்தார்கள்.

நல்ல காரியந்தான். ஆனால் மீட்கப்பட்டது எது? தூண் மீண்டது, கூரை மீண்டது. திறந்து வைத்த துரை பெயர் இருக்கிறது. மண் வெட்டி, சரளை சுமந்து, கட்டை புதைத்தவர்கள் பெயர் எங்கே?

அந்தத் தடத்துக்கு இன்னொரு வரலாறு உண்டு. அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை என்று நீண்ட தண்டவாளம் பெங்களூர் வரை போனது. 1894இல் கோலார் தங்கவயலுக்குக் கிளைப்பாதை பிரிந்தது. வடஆற்காட்டுச் சேரிகளிலிருந்து பண்ணையாளாகக் கிடந்த நம் சனங்கள் அந்தத் தடம் பிடித்துச் சுரங்கத்துக்குப் போனார்கள். சுரங்கமும் சாவுக்குழிதான், மறுக்கவில்லை. ஆனாலும் கையில் கூலிக்காசு வந்தது, ஆண்டையின் கண்பார்வை விலகியது. அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு அங்கே கிளை முளைத்தது. 1907இல் அவர் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், 1914இல் அவர் மறைந்த பிறகு, 1926இல் தங்கவயலிலிருந்துதான் மறுபடி வெளிவந்தது. ஒரு ரயில் பாதை ஒரு அரசியலையும் சுமந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

அதற்காக ரயில் சாதியை ஒழித்துவிட்டது என்று கைதட்டவும் முடியாது. 1901இல் மசூர் நிலையத்தில் இறங்கிய சிறுவன் அம்பேத்கரிடம் அன்பாகப் பேசிய ஸ்டேஷன் மாஸ்டர், மகார் என்று தெரிந்ததும் விலகிப் போனார். கூலி கொடுத்தும் வண்டியோட்ட ஆள் வரவில்லை. பிள்ளைகளே மாட்டை ஓட்டவேண்டி வந்தது. நம் பக்கத்து நிலையங்களின் சிற்றுண்டி அறைகளில் பிராமணாள், இதராள் என்ற பிரிவினை 1941 வரை இருந்தது. 'இதராள்' அறைக்குள் சேரிக்காரனுக்கு இலை விழுந்ததா? இந்தக் கேள்வியை நாம்தான் கேட்கவேண்டும்.

எங்க தாத்தா கேங்மேன். "லைனுக்கு நடுவுல நின்னாத்தான்டா நம்மள யாரும் தள்ளிப் போன்னு சொல்ல மாட்டான்" என்பார். எங்க அத்தை தண்டவாளத்து மலம் அள்ளினார். ரயிலோடு சேர்ந்த இரண்டு வேலை, இரண்டு வாழ்க்கை. 2014 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம், தண்டவாளத்தில் கையால் மலமள்ளுவதைக் காலவரம்பு வைத்து ஒழிக்க ரயில்வேக்கு உத்தரவிட்டது. இராயபுரத்தில் முதல் வண்டி கிளம்பி 158 ஆண்டு கழித்து!

பழைய கட்டடங்களை இடிக்கச் சொல்லவில்லை நாம். இருக்கட்டும். ஆளுநர் பெயர் பக்கத்திலேயே, சரளை சுமந்தவர்களுக்கும் தங்கவயலுக்குப் போனவர்களுக்கும் பீ அள்ளியவர்களுக்கும் ஒரு கல் நடுங்கள். நடாவிட்டால் நாமே எழுதுவோம். தங்கவயலிலும் ரயில்வே காலனியிலும் கிழவன் கிழவிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். போய்க் கேளுங்கள் தோழர்களே, உடனே போய்க் கேளுங்கள்.