கிள்ளான் பாதையில் வெம்மை காத்த வரலாறு

ஒரு நாட்டின் போக்குவரத்து வரலாற்றை எழுதுவோர் பாதைகளையும் பாலங்களையும் கணக்கிடுவர். அவை திறக்கப்பட்ட ஆண்டுகளைக் குறிப்பர். அப்பாதைகளில் ஓடிய எந்திரங்களின் வெம்மையைக் காத்து நின்ற மனிதரைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. தீயினால் இயங்கும் எந்திரம் எதுவாயினும், அத்தீ அளவோடு இருக்கும் வரையில்தான் ஊழியம் செய்யும். அளவு கடந்தால் தன்னையே அழித்துக்கொள்ளும். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே அந்த அளவைக் காக்கும் தொழில் மனிதன் கண்ணிலிருந்து கருவியின் முள்ளுக்கு எவ்வாறு மாறியது என்பதை அறிவது, இன்று டீசல் வண்டி ஓட்டுவோருக்கும் பயன் தருவதாகும்.

இரு தொடக்கங்கள்

1886-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில், கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை சிலாங்கூரின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. 1890-இல் ஆற்றின்மீது பாலம் அமையவே, பாதை கிள்ளான் நகரை எட்டியது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972-இல் அது போர்ட் கிள்ளான் என்னும் பெயர் பெற்றது. வெள்ளீயத்தைக் கடலுக்குக் கொண்டுசெல்வதே அப்பாதையின் முதல் நோக்கம்.

அதே 1886-இன் ஜனவரியில், ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரினார். அவ்வண்டியில் இன்றுள்ளது போன்ற ரேடியேட்டர் இல்லை. எந்திரத்தைச் சூழ்ந்த நீர் கொதித்து ஆவியாகி வெப்பத்தை வெளியேற்றியது. குறைந்த நீரை வழியெங்கும் நிரப்ப வேண்டியிருந்தது. இருப்புப்பாதை எந்திரத்திற்கும் சாலை வண்டிக்கும் அன்று தாகம் ஒன்றே.

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரும் நெருப்பில் பிறந்ததே. 1881-இல் நெருப்பாலும் வெள்ளத்தாலும் கோலாலம்பூர் அழிந்தபின், செங்கற் கட்டடங்கள் எழுப்ப முனைந்தபோது சூளைகள் அமைந்த இடம் அது. பின்னர் அங்கே இரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் தளமும் ஊழியர் குடியிருப்புகளும் தோன்றின. செந்தூலில் பெரும் பணிமனை எழுந்தது. இரயில்வேயின் உடலுழைப்பாளரில் தென்னிந்தியத் தமிழர் மிகுதி. எழுத்தர், நிலைய அதிபர் பதவிகளில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் அமர்ந்தனர். செங்கற்சூளையால் பெயர் பெற்ற ஊர், எந்திரச் சூளையைக் காப்போரின் ஊராயிற்று.

கண்டறிந்த தீ

நீராவி எந்திரத்தில் தீ மறைவானதன்று. அடுப்பின் கதவைத் திறந்தால் கண்முன் எரியும். முதலில் விறகும், 1915-இல் பத்து ஆராங் சுரங்கம் தொடங்கியபின் சிலாங்கூர் நிலக்கரியும் அதற்கு உணவாயின. தீ மூட்டும் ஊழியரான பயர்மேன், சுடரின் நிறத்தைக் கண்டும் புகையின் கருமையைக் கண்டும் எந்திரத்தின் நிலையை உணர்ந்தார். கொதிகலனின் நீர்மட்டத்தை ஒரு கண்ணாடிக் குழாய் காட்டியது. அதிலிருந்து பார்வையை எடுப்பது உயிரை எடுப்பதற்கு ஒப்பாகும்.

ஏனெனில், அடுப்பின் மேற்றகடு எப்போதும் நீரால் மூடப்பட்டிருத்தல் வேண்டும். நீர் தாழ்ந்தால் தகடு செந்தணலாய்க் காய்ந்து, அழுத்தத்தைத் தாங்காது கொதிகலன் வெடிக்கும். அதைத் தடுக்கத் தகட்டில் ஈயம் நிரப்பிய திருகு ஒன்றைப் பொருத்தினர். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். நீர் தாழ்ந்ததும் ஈயம் உருகி, நீராவி பெருஞ்சீற்றத்துடன் அடுப்பினுள் பாய்ந்து அபாயத்தை அறிவிக்கும். மனிதன் கண் தவறினால் உலோகமே எச்சரிக்கும் ஏற்பாடு இது. ஆயினும் ஈயம் உருகும் நிலைக்குப் போகவிடாமல் காப்பதே நல்ல பயர்மேனின் பெருமை.

மறைந்த தீ

இரண்டாம் உலகப் போரின் இறுதி ஆண்டான 1945-இல் செந்தூல் பணிமனை விமானக் குண்டுவீச்சால் பெருஞ்சேதமுற்றது. போருக்குப் பின், 1940-களின் இறுதியில், பெட்டிகளை இடம் மாற்றும் சிறு டீசல் எந்திரங்கள் வந்தன. நாடு விடுதலை பெற்ற 1957-இல், இங்கிலாந்தின் இங்கிலீஷ் எலக்ட்ரிக் நிறுவனம் கட்டிய 1,500 குதிரைத்திறன் கொண்ட 26 டீசல் எந்திரங்கள் வந்து சேர்ந்தன. அவற்றிற்கு மலர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. 1960-இல் பத்து ஆராங் சுரங்கம் மூடப்பட்டது.

டீசல் எந்திரத்தின் நெறி யாது? காற்றை விரைந்து அழுத்தினால் அது சூடேறும். மலாய் மக்கள் இதனை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். மரத்தாலும் கொம்பாலும் ஆன சிறு குழலில் தண்டை ஓங்கி அடித்து, உள்ளிருக்கும் பஞ்சில் தீ உண்டாக்கினர். டீசல் எந்திரத்தின் உருளையினுள்ளும் இதுவே நிகழ்கிறது. அழுந்திய காற்று 500 பாகைக்கு மேல் காய்கிறது. அதில் தெளிக்கப்படும் எண்ணெய் தானே பற்றி எரிகிறது.

1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசலின் எந்திரத்தைச் சோதித்தபோது, எரிபொருளின் ஆற்றலில் 26.2 விழுக்காடு வேலையாக மாறியது. நீராவி இரயில் எந்திரம் பெரும்பாலும் பத்து விழுக்காட்டையும் எட்டுவதில்லை. பெரிய வெற்றிதான், எனினும் எஞ்சிய வெப்பம் எங்கே போகும்? ஒரு பகுதி புகையோடு போகும். ஒரு பகுதி நீரோடும் எண்ணெயோடும் போகும். போகும் வழி அடைபட்டால் எந்திரம் வேகும். அந்தத் தீயைக் காணக் கதவில்லை. நீரின் வெப்பத்தைக் காட்டும் முள்ளும் எச்சரிக்கை விளக்குமே ஓட்டுநரின் கண்களாயின.

பயர்மேன் என்னும் பதவி நாளடைவில் மறைந்தது. ஆனால் அவர் செய்த காவல் தேவையற்றுப் போயிற்றா? இல்லை. அது ஓட்டுநர் ஒருவர் தலையில் ஏறியது.

சாலைக்கு வந்த காவல்

1995-இல் கிள்ளான் பாதையில் மின்சாரப் பயணிகள் இரயில் ஓடத் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸ் தளம் இருந்த நிலத்தில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பெற்றது. டீசலோ சாலையில் பெருகியது. கிள்ளான் பள்ளத்தாக்கின் சிறு வணிகருக்கும் குத்தகைக்காரருக்கும் பிக்கப் வண்டியே கையும் காலுமாகும். கோம்பாக்கிலிருந்து கெந்திங் செம்பா கணவாய்க்குச் சுமையோடு ஏறும் வண்டியில், முன்னாளில் இருவர் பகிர்ந்த பணியை ஒருவரே செய்கிறார்.

இங்கே ஒரு பிழையான நம்பிக்கையைக் களைதல் வேண்டும். நீர்வெப்ப முள் நடுவில் நிற்பதால் எந்திரம் நலமென்று பலர் எண்ணுவர். அம்முள் நீரின் வெப்பத்தை மட்டுமே சொல்லும். அதுவும் தாமதித்தே சொல்லும். குழாய் வெடித்து நீர் முழுதும் வடிந்துவிட்டால், உணர்கருவி வெறுங்காற்றில் நின்று குறைந்த வெப்பத்தைக் காட்டுவதும் உண்டு. நீரில்லாக் கொதிகலனின் பழைய அபாயமே இது, வேறு உருவில் வந்திருக்கிறது. முள்ளைப் பார்ப்பவர் நீரின் அளவையும் பார்த்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

உருளையினுள் நிகழ்வதை உடனே அறிய விரும்புவோர் புகைக்குழாயில் வெப்பமானி பொருத்துவர். இருவேறு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கினால் மின்னோட்டம் பிறக்கும் என்று 1821-இல் சீபெக் கண்ட உண்மையே அதன் அடிப்படை. நீர் சூடேற நிமிடங்கள் ஆகும். புகையின் வெப்பமோ நொடிகளில் ஏறும். டீசலில் எண்ணெய் மிகுந்து காற்றுக் குறையக் குறைய வெம்மை கூடும். புகைவெப்பம் சுமார் 700 பாகை செல்சியசைக் கடந்து நெடுநேரம் நீடித்தல் ஆகாது என்பது பொதுவான வரம்பு; எந்திரத்திற்கு எந்திரம் அது மாறும். அலுமினியம் 660 பாகையில் உருகுவது என்பதை நினைத்தால், பிஸ்டனின் நிலை விளங்கும்.

பரிகாரம் எளிது. ஏற்றத்தில் முள் உயர்ந்தால் மிதியைத் தளர்த்திக் கீழ்க் கியருக்கு மாற்றுதல் வேண்டும். எந்திரம் விரைந்து சுழலக் காற்றும் கூடும், நீரோட்டமும் கூடும். ஏறி முடிந்ததும் டர்போவுள்ள எந்திரத்தை உடனே நிறுத்தாமல் ஓரிரு நிமிடம் மெல்ல ஓடவிட்டால், சூட்டை எண்ணெய் கொண்டுபோகும். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. அழுத்தத்தால் 100 பாகைக்கு மேலும் கொதியாது நிற்கும் நீர், மூடி நீங்கியதும் பொங்கிச் சீறி முகத்தில் பாயும்.

ஒரு எந்திரம் வெந்துபோனால், பெருநிறுவனத்திற்கு அது கணக்கில் ஒரு வரி. பிக்கப் ஒன்றையே நம்பிப் பிழைக்கும் குடும்பத்திற்கோ பல மாத வாழ்வு. கருவிகள் மாறின, கண்ணாடிக் குழாய் போய் முள் வந்தது. தொழிலின் சாரம் மாறவில்லை. கொதிகலனின் நீர்மட்டத்திலிருந்து பார்வை அகலாது நின்ற பயர்மேன்களின் விழிப்பையும் கருவியோடு சேர்த்துக் கைக்கொள்வோருக்கே எந்திரம் நெடுநாள் உழைக்கும்.