அலுமினியக் கலப்புலோகம் 5083

அலுமினியக் கலப்புலோகம் 5083 என்பது மக்னீசியத்தை முதன்மைக் கலப்புத் தனிமமாகக் கொண்ட, கடல்நீர் அரிப்பை எதிர்க்கும் கலப்புலோகம் ஆகும். கப்பல் உடல், விரைவுப் படகுகள், நீர்ம இயற்கை எரிவளித் தொட்டிகள் ஆகியவற்றின் கட்டுமானத்தில் இது பயன்படுகிறது.

இயைபு

இதில் 4.0 முதல் 4.9% வரை மக்னீசியமும், 0.4 முதல் 1.0% வரை மாங்கனீசும், 0.05 முதல் 0.25% வரை குரோமியமும் உள்ளன. அரிப்பைத் தூண்டும் செப்பின் அளவு 0.1%-க்கு மிகாது.

பண்புகள்

இதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.66 கிராம், இது எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வெப்பப் பதப்படுத்தலால் இதன் வலிமையைக் கூட்ட இயலாது. குளிர்நிலையில் உருட்டுவதால் மட்டுமே வலிமை கூடும். மென்பதநிலையில் (ஓ) இதன் குறைந்தபட்ச இழுவலிமை 275 மெகாபாசுக்கல். கடற்பயன்பாட்டுக்குரிய எச்116 பதநிலையில் 305 மெகாபாசுக்கல். பற்றவைத்த இடத்தை ஒட்டிய பகுதி, உருட்டலால் பெற்ற வலிமையை இழந்து மென்பதநிலையை நெருங்கும். எனவே வடிவமைப்பாளர்கள் அங்கு குறைந்த வலிமையையே கணக்கிடுவர். மிகக் குறைந்த வெப்பநிலையிலும் இது நொறுங்கும் தன்மையை அடைவதில்லை.

அரிப்பு

மேற்பரப்பில் தானாக உருவாகும் ஆக்சைடுப் படலம் உலோகத்தைக் காக்கிறது. ஆயினும் வலிமை தரும் மக்னீசியமே இதன் குறைபாட்டுக்கும் காரணமாகிறது. ஏறத்தாழ 65 °செ-க்கு மேல் நெடுங்காலம் இருந்தால், மக்னீசியம் செறிந்த சேர்மம் படிகமணிகளின் எல்லைகளில் வீழ்படிகிறது. கடல்நீரில் இச்சேர்மம் முதலில் கரைவதால், வெளித்தோற்றத்தில் மாற்றமின்றியே உள்ளே விரிசல் தோன்றலாம். அமெரிக்கக் கடற்படையின் டைகோன்டரோகா வகைக் கப்பல்களின் மேற்கட்டமைப்பில், இதே குடும்பத்தைச் சேர்ந்த 5456 கலப்புலோகத் தகடுகள் இவ்வாறு விரிசலுற்றன.

தகடுகளின் தகுதியை அறிய, மாதிரியை 30 °செ நைட்ரிக் அமிலத்தில் 24 மணி நேரம் மூழ்கவைத்து எடையிழப்பை அளப்பர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 15 மில்லிகிராமுக்கு மிகாத இழப்பு ஏற்கத்தக்கது. 25 மில்லிகிராமைத் தாண்டினால் தகடு நிராகரிக்கப்படும்.

எஃகு, செப்பு ஆகியவற்றுடன் நேரடியாகத் தொடும் இடங்களில் மின்வேதி அரிப்பு ஏற்படும். இதைத் தடுக்க இடையில் மின்கடத்தாப் பொருள் வைக்கப்படுகிறது.

இயந்திர வேலை

மென்பதநிலையில் உலோகம் வெட்டுமுனையில் ஒட்டிக்கொள்ளும். சீவல் நீளமாகச் சுருண்டு வரும். எச் வகைப் பதநிலைகளில் வெட்டுவது இதைவிட எளிது. கூர்மையான, மெருகேற்றிய கார்பைடு வெட்டுளிகளும் பெரிய நேர்ச் சரிவுக் கோணமும் ஏற்றவை. போதிய வெட்டு நீர்மம் ஒட்டுதலைக் குறைக்கும். உருட்டிய தகட்டின் ஒரு பக்கத்தை மட்டும் ஆழமாகச் சீவினால், உள்ளெஞ்சிய தகைவு சமநிலை இழந்து தகடு வளையும். இரு பக்கமும் மாறி மாறிச் சீவுவது இதனைக் குறைக்கும்.

பற்றவைப்பு

இக்கலப்புலோகம் மந்த வளிமப் பற்றவைப்புக்கு மிகவும் உகந்தது. 5183, 5356 ஆகிய நிரப்புக் கம்பிகள் பயன்படுத்தப்படுகின்றன.