இரண்டு காகிதங்கள்

பல வருஷங்களுக்கு முன் ஒரு சினிமாக் கம்பெனிக்குக் கதை எழுதிக் கொடுத்தேன். ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு தொகை இருந்தது. அது போக, கையில் ஒரு கவரும் வந்தது. "இது கணக்கில் வராது, ஸார்" என்று மானேஜர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். சமீபத்தில் ஆஸ்திரேலிய ரக்பி லீக்கின் சரித்திரத்தைப் படித்தபோது அந்தக் கவர் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த ஆட்டம் பிறந்ததே கூலித் தகராறில்தான். வட இங்கிலாந்தில் ரக்பி ஆடியவர்களில் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்த நஷ்டத்தை ஈடுகட்டக்கூடாது என்று 1893-ல் ரக்பி சங்கத்துக் கனவான்கள் தீர்மானித்தார்கள். 1895 ஆகஸ்டு 29-ந் தேதி ஹடர்ஸ்பீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, வடக்கத்திக் கிளப்புகள் பிரிந்து போயின. ஆட்டக்காரனுக்குக் காசு கொடுப்பதற்காகவே பிறந்த ஆட்டம் அது!

1908-ல் அது சிட்னியில் வேரூன்றியது. பணக்காரக் கிளப்புகள் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வாரிக்கொள்ளாமல் இருக்க, 1990-ல் ஒரு கிளப்பின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள். நில உச்சவரம்பு வந்ததும் நம் ஊரில் பினாமிகள் முளைக்கவில்லையா? அங்கேயும் அதே கதைதான். 2002-ல் பட்டியலில் முதலில் நின்ற புல்டாக்ஸ் கிளப் பிடிபட்டது. 37 புள்ளிகளைப் பறிகொடுத்துக் கடைசிக்குப் போயிற்று.

2010 ஏப்ரல் 22-ந் தேதி இன்னும் பெரிய இடி விழுந்தது. மெல்போர்ன் ஸ்டார்ம் கிளப் இரட்டைக் கணக்கு வைத்திருந்தது அம்பலமாயிற்று. ஐந்து வருஷத்தில் வரம்புக்கு மேல் கொடுத்தது 30 லட்சம் டாலரையும் தாண்டியது என்று பிறகு கணக்கிட்டார்கள். 2007, 2009 ஆகிய இரண்டு வருஷங்களின் சாம்பியன் பட்டங்கள் பறிபோயின. 16 லட்சம் டாலருக்கு மேல் தண்டம். அந்த வருஷம் ஆடலாம், ஆனால் புள்ளி கிடையாது! 14 ஆட்டங்களில் ஜயித்தும் கணக்கில் பூஜ்யம்தான்.

ஆனால் ஆட்டக்காரர் எவரையும் தனியாகத் தண்டித்து விலக்கி வைக்கவில்லை. அது சரியா?

ஒருவிதத்தில் சரிதான். கிளப்பின் கணக்குப் புத்தகம் ஆட்டக்காரன் கையில் இல்லை. சகாக்கள் எல்லோருடைய சம்பளத்தையும் கூட்டிப் பார்த்து, வரம்பு தாண்டிற்றா என்று அவன் எப்படி அறிவான்? அவனுடைய மூலதனமோ உடம்பு ஒன்றுதான். சில வருஷத்தில் முழங்கால் தேய்ந்தால் தீர்ந்தது. கிடைக்கும்போது வாங்குகிறவனை நான் பழிக்கமாட்டேன்.

ஆனால் ஒரே வேலைக்கு இரண்டு காகிதம் நீட்டினால், இரண்டாவது எதற்கு என்று கேட்கக் கணக்குப் புத்தகம் வேண்டியதில்லை. மொத்தத்துக்குக் கிளப் பொறுப்பு. தன் கையெழுத்துக்கு அவனவன் பொறுப்பு. இந்த இரண்டையும் பிரிக்காததால் வந்த அநியாயத்தைப் பாருங்கள்: ஒற்றைக் காகிதத்தில் கையெழுத்திட்டு, சின்னச் சம்பளத்துக்கு எலும்பு நோக ஆடிய பையனும் அதே பட்டத்தை இழந்தான். மேல் வரும்படி பார்த்தவனுக்கோ வாங்கிய பணமாவது மிஞ்சியது.

2009 இறுதியாட்டத்தில் மெல்போர்னிடம் தோற்றது பாரமட்டா. பறித்த பட்டத்தை அதற்கும் கொடுக்கவில்லை. 2016-ல் அந்தப் பாரமட்டாவே இதே குற்றத்துக்காக 12 புள்ளிகளை இழந்து, 10 லட்சம் டாலர் தண்டமும் கட்டியது. மெல்போர்னோ 2012-லேயே மறுபடியும் ஆடி, பட்டத்தை நியாயமாக ஜயித்துவிட்டது.

அந்தச் சினிமாக் கவரில் எவ்வளவு இருந்தது என்பது எனக்கு மறந்துவிட்டது. மானேஜரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சிரித்தது மட்டும் மறக்கவில்லை.