மதிலில் விட்ட வழி

இங்கிலாந்தின் யோர்க்ஷயர் டேல்ஸ் மலைச்சரிவுகளில் சாந்து, சீமெந்து எதுவும் இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டின மதில்கள் மைல் கணக்கில் ஓடுகின்றன. நெடுந்தீவுக்குப் போனவைக்கு இது புதினமில்லை. அங்கையும் பவளக்கல்லை இப்படித்தான் அடுக்கி வேலி ஆக்கியிருக்கினம்.

டேல்ஸில் நேர்கோடாய் மலையேறும் மதில்கள் பல, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தவை. பாராளுமன்றச் சட்டங்கள் ஊரின் பொதுநிலத்தைத் துண்டாக்கித் தனியார் கையில் கொடுத்தன. நில அளவையாளர் வரைபடத்தில் கோடு கீற, அந்தக் கோட்டில் கல் ஏறியது. ஆனால் மதிலுக்கு முன்னமே தேவாலயத்துக்கும் சந்தைக்கும் ஒற்றையடிப் பாதைகள் இருந்தன. அவை மதிலைச் சந்தித்த இடத்தில் விட்ட வழிதான் கடவை.

அதிலும் வகைகள் உண்டு. நீளக் கல்லுகளை மதிலுக்குக் குறுக்காகச் செருகி, இரண்டு பக்கமும் நீட்டி விட்டால் படிக்கடவை. இரண்டு கல்லை நட்டு, ஆள் நுழைய மட்டும் இடைவெளி விட்டால் இடுக்குக் கடவை. மனிசர் போவினம், செம்மறி போகாது. செம்மறி போக அடியில் விட்ட ஓட்டை யோர்க்ஷயரில் ‘கிரிப்பிள் ஹோல்’, ஸ்கொட்லாந்தில் ‘லங்கி’. முயல் போற சின்னத் துவாரம் ‘ஸ்மூட்’. பெயரைச் சொன்னாலே ஆருக்கு விட்ட வழி எண்டு ஊராருக்கு விளங்கும்.

1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொது நடைபாதைகளை எல்லாம் வரைபடத்தில் பதியச் சொன்னது. பல இடங்களில் ஊர்ச்சபைக்காரரே பாதை பாதையாய் நடந்து, எங்கை கடவை, எங்கை படலை எண்டு குறித்துக் கொடுத்தினம். அந்த வரைபடத்தில் ஏறின பாதைக்கு அதுவே சட்டச் சான்று.

விடுபட்ட பாதைகளுக்கு? 2000ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஜனவரி 1ஐக் கடைசி நாளாக வைத்தது. அதுக்குள் பதியாவிட்டால் பழைய பாதைகள் பலவற்றின் உரிமை போய்விடும். பிறகு அந்த நாள் 2031க்குத் தள்ளிப்போனது. 2024 டிசம்பரில், காலக்கெடுவையே நீக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் தொண்டர்கள் ஆவணக் காப்பகங்களில் தேடிப் பிடித்தவற்றில், பொதுநிலத்தைத் துண்டாக்கின அதே பழைய வரைபடங்களும் இருந்தன. வேலி கீறின தாளிலேயே வழிக்கும் ஒரு கோடு இருந்திருக்கு!

‘கடவை’ எண்ட சொல்லை இப்ப நாங்கள் ரோட்டிலும் ரயில் பாதையிலும்தான் கூடக் கேட்கிறம். எங்கட வேலியில் கடப்பு எங்கை இருந்தது, அதால ஆர் ஆர் போய்வந்தவை எண்டு அம்மம்மாவைக் கேட்டால் சொல்லுவா. வேலியெல்லாம் மதிலாக முன்னம் கேட்டு, ஒரு தாளில் கீறி வைப்பம்.